மதுக்கடையின் தர்மக் கணக்கு



குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், நான் பணியாற்றிய பங்கு ஒன்றில் முன்பள்ளிச் சிறார்களுக்கு உட்காரக் கதிரை இல்லை. இடம்பெயர்ந்து திரும்பிய மக்கள். கோயிலுக்கே கூரை முழுமையாகப் போடப்படவில்லை. பக்கத்துப் பட்டினத்தில் வைன் ஸ்டோர் நடத்திய ஒருவர் ஒருநாள் வந்தார். நல்ல மனிதர்; பேச்சும் மரியாதையானது. ஐம்பது சிறு கதிரைகளை லொறியில் ஏற்றி அனுப்பிவைத்தார். பூசை முடிவில் அவருக்கு நன்றி சொன்னேன், மக்களும் கைதட்டினார்கள்.

அன்று மாலை, தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு தாய் என் வாசலில் நின்று இவ்வாறு சொன்னார்: “சுவாமி, உந்தக் கதிரையெல்லாம் எங்கட வீட்டுக் காசுதானே. அதில கொஞ்சம் திரும்பி வந்திருக்கு. நன்றியை ஆருக்குச் சொல்லுறது?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நானும் பதில் சொல்லவில்லை. பதில் என்னிடம் இருக்கவுமில்லை. அந்தக் கேள்விதான் இவ்வாரம் நமது பாடம்.

முதலில் ஒரு சொல்லை விளங்கிக்கொள்வோம். பெரிய வியாபார நிறுவனங்கள் இப்போது ‘கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு’ என்றும் ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்றும் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகின்றன. இலாபம் தேடுவதோடு நின்றுவிடாமல், தங்கள் தொழிலால் மனிதருக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் நேரும் விளைவுகளுக்கும் கணக்குக் கொடுக்கிறோம் என்பது அதன் பொருள். நல்ல எண்ணந்தான். 1891-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலைபற்றி எழுதிய சுற்றுமடல் முதல் 2015-இல் பாப்பரசர் பிரான்சிஸ் நமது பொதுவீடாகிய பூமியைப்பற்றி எழுதிய சுற்றுமடல் வரை, முதலீடு செய்பவனுக்குக் கடமைகளும் உண்டு என்றே திருச்சபை போதித்து வந்திருக்கிறது.

ஆனால் விற்கும் பொருளே வீட்டைக் குலைக்கக்கூடிய பொருளாயிருந்தால்? சவர்க்காரம் விற்கிறவர் அதிகம் விற்றால் ஊர் அதிகம் சுத்தமாகும். சாராயம் விற்கிறவர் அதிகம் விற்றால் என்ன ஆகும் என்பதைப் பாப்பாமோட்டையிலோ விடத்தல்தீவிலோ அடம்பனிலோ உள்ள எந்தத் தாயிடமும் கேட்டறியலாம். அப்படியானால் மது விற்பவர் ‘சமூகப் பொறுப்புள்ளவர்’ ஆக முடியுமா? முடியும் என்றால் அதை எங்கே பார்த்து அறிவது?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திராட்சை இரசத்தைப் பீடத்தில் ஒப்புக்கொடுக்கிற நாம் மதுவைப் பிசாசின் படைப்பு என்று போதிக்க முடியாது. கானாவூர்க் கலியாண வீட்டை மறந்துவிட்டுப் பிரசங்கம் செய்யவும் முடியாது. மிதமிஞ்சுதலே பாவம் என்பது மறைக்கல்வியின் போதனை. ஆகவே கள் இறக்குகிறவரையும் கடையில் நின்று விற்கிறவரையும் பாவிகள் என்று தள்ளிவைப்பதற்காக இதை எழுதவில்லை. நம்முடைய சீவல் தொழிலாளிகள் உயிரைப் பணயம் வைத்துப் பனையேறும் உழைப்பாளிகள். கேள்வி வேறு: ஒருவர் தம் தொழிலால் வரும் கேட்டைக் குறைக்கப் பாடுபடுகிறாரா, அல்லது அந்தக் கேட்டை அப்படியே விட்டுவிட்டு வேறோரிடத்தில் புண்ணியம் வாங்குகிறாரா?

இது புதிய கேள்வியன்று. 1865-இல், சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் என்னும் துறைமுகப் பட்டினத்தில், தொழிலாளர்கள் மதுவால் சீரழிவதைக் கண்ட சிலர் ஒரு கம்பனியை அமைத்தார்கள். நகரத்து மதுக்கடை அனுமதிகளை அந்தக் கம்பனி தன் கையில் எடுத்துக்கொண்டது. பங்குதாரருக்குச் சாதாரண வட்டியளவுக்கு மேல் இலாபம் கிடையாது. இதைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்றும் இருந்தது. கடையை நடத்துபவருக்குச் சாராயத்தின்மேல் ஒரு சதமும் இலாபமில்லை. உணவிலும் மதுவல்லாத பானங்களிலும் கிடைப்பதே அவருடைய வருமானம். இன்னொரு கிண்ணம் ஊற்றுவதால் ஊற்றுகிறவனுக்கு ஆதாயம் இல்லாமற் செய்தார்கள். மது வியாபாரத்தைப்பற்றி இதைவிடக் கூர்மையாகச் சிந்தித்தவர்களை நான் அறியேன்.

எனினும் அந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. மிஞ்சிய இலாபம் நகரசபையின் பெட்டிக்குப் போயிற்று. நகரசபை அந்தப் பணத்துக்குப் பழகிப்போயிற்று. வீதிக்கும் விளக்குக்கும் வரிக்குறைப்புக்கும் சாராயப் பணம் உதவத் தொடங்கியபின், குடி குறையவேண்டும் என்ற ஆவல் நகரபிதாக்களின் உள்ளத்தில் தளர்ந்துபோயிற்று என்று அக்காலத்து விமர்சகர்களே எழுதினார்கள். அயலிலுள்ள நோர்வே நாட்டவர் இதைக் கண்டு, மிஞ்சும் பணத்தை நகரசபைக்குக் கொடாமல் தர்ம ஸ்தாபனங்களுக்குப் பங்கிட்டார்கள். அங்கும் அதே கதை: தர்ம ஸ்தாபனங்கள் அந்தப் பணத்தை எதிர்பார்த்து நிற்கலாயின. நோயால் பிழைப்பவன் நோய் நீங்க முழுமனதோடு செபிக்கமாட்டான். அவன் நல்லவனாயிருந்தாலும் சரி.

அந்தச் சுவீடனில் 1955 முதல் ஒரே அரச நிறுவனம் நாடு முழுவதும் மதுவைச் சில்லறையில் விற்கிறது. அதன் கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. சனிக்கிழமை பிற்பகலிலேயே பூட்டிவிடும். இருபது வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பனை இல்லை. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இனாம்’ என்ற பேச்சுக்கும் இடமில்லை. தன் விற்பனையைத் தானே மட்டுப்படுத்தும் கடை என்றால் அதுதான்.

இனி நம்மவர் வாழும் இடத்துக்கு வருவோம். நமது மறைமாவட்டத்தில் கனடாவில் உறவினர் இல்லாத குடும்பங்கள் குறைவு. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வரும் உங்கள் தம்பியிடமோ மருமகளிடமோ எல்.சி.பி.ஓ. என்று சொல்லிப்பாருங்கள், உடனே விளங்கும். ஒன்ராறியோ மாகாணத்தின் மதுக் கட்டுப்பாட்டுச் சபை அது. 1916-இல் கொண்டுவந்த மதுவிலக்கைக் கைவிட்டு, 1927-இல் அந்த மாகாண அரசு தானே கடை திறந்தது. தொடக்கத்தில் அது விற்பதற்கென்று அமைந்த கடையைப்போல இருக்கவில்லை. வாங்குபவர் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். வாங்கியதெல்லாம் அதில் பதியப்படும். போத்தல்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும். துண்டில் எழுதிக் கொடுத்தால் எடுத்து வருவார்கள். வாடிக்கையாளர் தாமே எடுத்து வாங்கும் முதற்கடை 1969-இல்தான் திறந்தது. அதன்பின் விளக்கும் அலங்காரமும் விளம்பரச் சஞ்சிகையும் வந்தன. ‘கட்டுப்பாடு’ என்ற சொல் பெயரில் நிற்கிறது. கடையோ வாவென்று அழைக்கிறது.

இந்தச் சபை ஆண்டுக்கு ஏறத்தாழ 250 கோடி டொலரை மாகாணத் திறைசேரிக்குக் கொடுத்து வந்திருக்கிறது. காசாளர் முகப்பிலேயே சிறுவர் வைத்தியசாலைகளுக்கும் பிற அறப்பணிகளுக்கும் நன்கொடை சேர்த்துக் கொடுக்கிறது. போத்தலுக்கு வைப்புப் பணம் அறவிடும் முறை 2007-இல் வந்தது: சிறிய போத்தலுக்கு 10 சதம், பெரியதற்கு 20 சதம், வெறும்போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தச் சதம் கைக்கு வரும். எல்லாம் நன்றே.

ஆனால் என் மனத்தைத் தொட்டது வேறொன்று. அங்கே சட்டப்படி 19 வயது நிரம்பியவர் மது வாங்கலாம். இருபத்தைந்துக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரையும் மறித்து அடையாள அட்டை கேட்கும்படி ஊழியர் பயிற்றப்படுகிறார்கள். ஏற்கெனவே வெறியில் வந்தவருக்கும் விற்க மறுக்க வேண்டும். எத்தனை பேரை மறித்தார்கள், எத்தனை பேருக்கு மறுத்தார்கள் என்ற எண்ணிக்கையை அச்சபை தன் ஆண்டறிக்கைகளில் வெளியிட்டு வந்திருக்கிறது. கவனியுங்கள்: இத்தனை போத்தல் விற்றோம் என்ற கணக்கின் பக்கத்திலே, இத்தனை பேருக்கு விற்க மறுத்தோம் என்றொரு கணக்கு! வைத்தியசாலைக்குக் கொடுத்த காசோலையைவிட இந்த எண்ணிக்கையே அந்தச் சபையின் மனச்சாட்சிக்குச் சாட்சி. நன்கொடையால் கடைக்குப் பெயரும் கிடைக்கிறது. மறுப்பினாலோ கடைக்கு நட்டமே.

அந்தக் கட்டுப்பாடும் இன்று தளர்ந்து வருகிறது. 2024 யூலையில் அச்சபையின் ஊழியர்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் சரித்திரத்தில் அதுவே முதலாவது. மூலைக்கடைகளிலெல்லாம் மது விற்கவிடும் அரசின் திட்டத்தை அவர்கள் எதிர்த்தார்கள். எனினும் அவ்வாண்டு செப்டெம்பர் முதல் பால், பாண் விற்கும் சிறுகடைகளுக்கும் பியர், வைன் வந்துவிட்டன.

பாக்கு நீரிணைக்கு அப்பால், நமக்கு மிகக் கிட்டவுள்ள தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் என்னும் அரச நிறுவனம் 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. மலைக்காடுகள் நிறைந்த நீலகிரியில் உடைந்த மதுப்போத்தல்கள் யானைகளின் கால்களைக் கிழிப்பதைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் அம்மாவட்டத்தில் போத்தலுக்குப் பத்து ரூபா கூடுதலாக வாங்கி, வெறும்போத்தலைத் திருப்பித் தந்ததும் கொடுத்துவிடும் முறை வந்தது. பெரும்பாலான போத்தல்கள் கடைக்கே திரும்பின. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அது பரவிற்று. பத்து ரூபாவுக்கு எவ்வளவு வல்லமை!

மன்னாரிலும் இதைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கரைவலை இழுப்பவர் வெறுங்காலோடு நிற்கும் மணலில், கழுதைகளும் மாடுகளும் மேயும் தெருவோரத்தில், வயல் வரம்பில், எத்தனை கண்ணாடித் துண்டுகள்! ஒரு காலத்தில் போத்தல்காரர் வீடுவீடாய் வந்து கூவி வாங்கினார். இன்று பியர் தகரமும் பிளாஸ்ரிக் குவளையும் வாங்குவாரற்றுக் களப்புக்குள் போகின்றன. தான் விற்ற போத்தலைத் தானே திரும்ப எடுப்பது எந்தக் கடைக்காரருக்கும் ஆகாத காரியமல்ல.

ஆனால் யானையின் கால் காப்பாற்றப்பட்டது என்பதற்காக மனிதனின் ஈரலும் காப்பாற்றப்பட்டது என்று எண்ணிவிடக்கூடாது. 2023 யூனில் டாஸ்மாக் 500 கடைகளை மூடிற்று. ஆயினும் 2022-23 நிதியாண்டில் ஏறத்தாழ 44 ஆயிரம் கோடி ரூபாவாக இருந்த அரசின் மது வருமானம், அடுத்த ஆண்டில் 45 ஆயிரம் கோடியைத் தாண்டிற்று. விலையேற்றமும் இதில் சேரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் கோத்தன்பர்க் நகரசபையின் கதை நினைவுக்கு வராமற் போகவில்லை. போத்தல் திரும்பி வருகிறது. குடிப்பவரின் சம்பளம் திரும்பி வருவதில்லை.

“கடையைப் பூட்டினால் கசிப்பு வரும், சுவாமி” என்பீர்கள். நியாயமான பேச்சு. 2024 யூனில் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை எவர் மறந்தார்? ஆனால் ஒன்றை நினையுங்கள்: அனுமதி பெற்ற அரச கடைகள் மாநிலமெங்கும் திறந்திருக்கும்போதே அது நடந்தது. மலிவாகத் தேடியவர்களே பெரும்பாலும் மாண்டார்கள். அன்றாடம் கூலிக்குப் போகிற ஏழைகள். கசிப்பை ஒழிப்பது பொலிசாரினதும் மதுவரித் திணைக்களத்தினதும் கடமை. அது நடக்கவில்லை என்பதற்காக இன்னொரு வைன் ஸ்டோர் மருந்தாகிவிடாது.

நம் நாட்டில் நிலைமை என்ன? சாராய வடிப்பை 1974-இல் அரச கூட்டுத்தாபனம் ஏற்றது. 1992-இல் அது தனியார் கைக்குப் போயிற்று. சில்லறை விற்பனையோ அனுமதிப் பத்திரம் பெற்ற தனிக் கடைகளிடம். வட பகுதியில் கள்ளுத் தவறணைகளைப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. இறக்குகிறவர்களே அங்கத்தவர்களாயிருப்பது அவற்றின் சிறப்பு. 2024 டிசெம்பரில் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்ட பட்டியலின்படி, அந்த ஓராண்டில் மட்டும் நாடு முழுவதும் 362 மதுபான அனுமதிப் பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்தன. வட மாகாணமும் அதில் தப்பவில்லை. எந்தக் கிராமத்துத் தாயைக் கேட்டுக் கொடுத்தார்கள்?

ஆயினும் நமது சட்டப் புத்தகத்தில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. அதை நம்மிற் பலர் அறியோம். 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம். புகையிலைக்கும் மதுசாரத்துக்குமான தேசிய அதிகார சபையை அமைத்த சட்டம் அது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது குற்றம். மதுவுக்கு விளம்பரம் செய்வது குற்றம். இலவசமாகக் கொடுத்துப் பழக்குவது குற்றம். ஒரு மதுவின் பெயரையோ சின்னத்தையோ பரப்புவதற்காக விளையாட்டு, கல்வி, கலாசார நிகழ்ச்சிகளுக்கு அனுசரணை வழங்குவதும் குற்றம். உதைபந்தாட்டச் சட்டையில் பியர்ச் சின்னம் போட்டுக்கொண்டு ஆடும் நாடுகள் பல இருக்க, நமது சிறிய நாடு அதை மறுத்துவிட்டது.

சட்டம் சின்னத்தைத் தடுக்கிறது. சின்னமின்றி, சத்தமின்றி வரும் கதிரையை அது தடுப்பதில்லை. திருவிழாவுக்கு ஒலிபெருக்கிச் செலவு, விளையாட்டுக் கழகத்துக்குப் பந்து, கோயில் மதிலுக்குச் சீமெந்து — இவற்றை மதுக்கடைக்காரர் தந்தால் வாங்குவதா என்பதைப் பங்குச் சபைதான் தீர்மானிக்க வேண்டும்.

தீர்மானிக்குமுன் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு கிராமத்தில் நாற்பது வீட்டுத் தலைவர்கள் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாள். நாளுக்கு ஐந்நூறு ரூபா. வாரத்துக்கு அறுபதினாயிரம், ஆண்டுக்கு 31 இலட்சத்து 20 ஆயிரம். இவ்வளவும் ஒரே கடைக்குப் போகிறது. அந்தக் கடைக்காரர் திருவிழாவுக்கு ஐம்பதினாயிரம் தருகிறார். நூற்றுக்கு இரண்டு ரூபாகூடத் திரும்பி வரவில்லை. குடத்தோடு நின்ற அந்தத் தாய் கணிதம் படித்தவரல்லர். ஆனால் கணக்குச் சரியாகவே சொன்னார். (உங்கள் ஊருக்குரிய எண்களை நீங்களே இட்டுப் பாருங்கள். என் எண்கள் சிறியவை என்று சிலர் சிரிக்கக்கூடும்.)

நானென்றால் இன்று என்ன செய்வேன்? பணம் கெட்ட பணமா நல்ல பணமா என்று கடைக்காரரோடு வழக்காடமாட்டேன். அவரிடம் வேறு நன்கொடை கேட்பேன். “ஐயா, கதிரை வேண்டாம். பாடசாலைச் சீருடை மாறாத பொடியன் வந்தால் அட்டை கேளுங்கள்; இருபத்தொன்று ஆகாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். தள்ளாடி வருகிறவனுக்கு அன்றைக்கு இல்லையென்று சொல்லுங்கள். கடன் கொப்பியை மூடுங்கள்; கொப்பி இல்லாவிட்டால் சம்பள நாளில் மனைவியின் கைக்கும் ஏதேனும் போகும். பூட்டும் நேரத்துக்குப் பூட்டுங்கள், பின்கதவையும் சேர்த்து. பூரணைக்கு முதல்நாள் பெட்டி பெட்டியாகக் கொடுத்து, பூட்டிய நாளிலும் ஊரில் விற்க வழி செய்யாதேயுங்கள். உங்கள் போத்தலை நீங்களே திரும்ப வாங்குங்கள்” என்பேன். இவற்றுள் ஒவ்வொன்றும் அவருக்கு நட்டம். நட்டத்துக்கு இணங்கினால், அவருடைய பொறுப்பு உண்மையானது என்று நான் நம்புவேன். கோயிலில் அவர் பெயர் சொல்லவும் தயங்கேன்.

அந்த ஐம்பது கதிரைகளை நான் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். பிள்ளைகள் அவற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுப்ப மனம் வரவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு மேசைக்காக அவரிடம் போகவில்லை. தாய்மார் மாவும் முறுக்கும் விற்று மேசை செய்வித்தார்கள். ஒன்றரை ஆண்டு பிடித்தது.

அன்பியக் கூட்டங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மதுபான அனுமதிப் பத்திரங்கள் ஆண்டுதோறும் டிசெம்பர் 31-ஆம் திகதியோடு முடிந்து, புதுப்பிக்கப்பட வேண்டியவை. உங்கள் பகுதிக் கடைக்கு என்ன நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருக்கின்றன, எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பவற்றை 2016-ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். இதற்குச் சட்டத்தரணி வேண்டியதில்லை. நிபந்தனை மீறப்பட்டால் திகதியும் நேரமும் குறித்து, பிரதேச செயலாளருக்கும் மதுவரித் திணைக்களத்துக்கும் முறைப்பாடு அனுப்புங்கள். ஒருவர் பெயரில் அனுப்பினால் அவர்மேல் பழி விழும்; ஆகையால் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கையொப்பமிடுங்கள். பெண்கள் முதலில் ஒப்பமிடட்டும். கடிதத்தை நவம்பர் மாதத்திலேயே கொடுத்துவிடுவது உத்தமம். டிசெம்பரில் கந்தோர்களில் எவரையும் பிடிக்க முடியாது.